தனியாள் மென்பொருள் தொழில்

திருச்சிராப்பள்ளித் தென்னூரில் உழவர் சந்தை ஒன்று நடந்து வருவதை நமது நேயர்கள் அறிவார்கள். விளைவித்தவனே விற்க வேண்டும், தரகன் நடுவில் நிற்கலாகாது என்ற நோக்கத்துடன் 1999-ஆம் வருஷத்தில் மதுரையில் ஆரம்பிக்கப்பட்டு, பின்னர் தமிழ்நாடெங்கும் பரவிய ஏற்பாடு அது. அச்சந்தையைச் சூழ்ந்த தெருக்களிலும், அடுத்துள்ள தில்லைநகரிலும், மாடி அறைகளில் அமர்ந்து வேறொரு வகை விளைச்சலில் ஈடுபட்டிருக்கும் இளைஞர்களை நாம் சமீப காலமாக அடிக்கடி சந்திக்கிறோம். அவர்கள் மென்பொருள் செய்கிறார்கள். கூட்டாளியில்லை, குமாஸ்தாவில்லை, முதல் கொடுத்தவருமில்லை. சரக்கை யோசிப்பவரும், செய்பவரும், விற்பவரும், குறை கேட்பவரும் ஒருவரே.

நம்மைக் காண வந்த இளைஞர் ஒருவருடைய வரலாறு இவ்விஷயத்தை எழுதும்படி நம்மைத் தூண்டியது. அவர் நல்ல உத்தியோகத்தை விட்டார். ஒன்றரை வருஷம் இரவு பகலாய் உழைத்து, மளிகைக் கடைக்காரர்கள் கடன் கணக்கைக் கைப்பேசியில் எழுதிக்கொள்வதற்கு ஒரு செயலியை அமைத்தார். காந்தி மார்க்கெட்டிலும் பெரிய கடை வீதியிலும் காட்டிய இடமெல்லாம், 'பேஷ்' என்றார்கள். பணம் கொடுத்தவர் ஒருவருமில்லை. அதே காரியத்தைச் செய்யும் செயலிகளைப் பெருமுதல் படைத்த கம்பெனிகள் இலவசமாகவே கொடுத்து வந்ததே காரணம். தகப்பனாருடைய சேமிப்பில் ஒரு பகுதி கரைந்தது. அவர் மீண்டும் உத்தியோகம் தேடிக்கொண்டிருக்கிறார். அவரிடம் திறமைக்குக் குறைவில்லை, உழைப்புக்கும் குறைவில்லை. ஆயின் குறை எங்கே இருந்தது? இக்கேள்விக்கு விடை தேடுவது, அவரைப் போன்ற நூற்றுக்கணக்கான வாலிபர்களின் வாழ்க்கையைப் பொறுத்த விஷயமாகும்.

தவறான முன்மாதிரி

திருச்சியில் வளர்ந்த கிரீஷ் மாத்ருபூதம் ஸ்தாபித்த 'பிரஷ்வொர்க்ஸ்' கம்பெனியின் பங்குகள் 2021-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் அமெரிக்காவின் 'நாஸ்டாக்' பங்குச் சந்தையில் ஏறின. அன்று முதல் இவ்வூர் வாலிபர் பலருடைய கண்முன் அவ்வுருவமே நிற்கிறது. அதில் நமக்கும் பெருமையுண்டு. ஆனால் அவ்வரலாற்றைச் சரிவரப் படிக்க வேண்டும். அவர் 2010-ஆம் வருஷத்தில் தொடங்கியபோது தனியாக இல்லை. ஷான் கிருஷ்ணசாமி உடன் நின்றார். அதற்கு முன் பல வருஷங்கள் 'ஸோஹோ' கம்பெனியில் பணியாற்றி, இத்தகைய சரக்கை யார் வாங்குகிறார்கள், ஏன் வாங்குகிறார்கள் என்று கண்டறிந்திருந்தார். பின்னர் வெளியார் முதல் ஏராளமாக வந்து சேர்ந்தது. கூட்டாளி, அனுபவம், முதல் ஆகிய மூன்றும் இல்லாத ஒருவர் அந்த வழியைப் பின்பற்ற முயல்வது, பரிசலில் ஏறிக்கொண்டு கப்பலின் பாதையைத் தேடுவதை ஒக்கும். பரிசலுக்கு அதற்குரிய துறை உண்டு. அதைத்தான் நாம் தேட வேண்டும்.

தனியாள் தொழிலின் உண்மையான முன்மாதிரிகள் வேறு. நம்மவரிடையிலேயே அவர்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திற் பிறந்து மலேயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா, தமிழ்த் தட்டெழுத்து யந்திரத்தின் விசைப்பலகையைத் தம் சொந்த முயற்சியால் அமைத்து, அதை ஜெர்மனியில் உற்பத்தி செய்வித்தார். அதே மலேயா நாட்டில் முத்து நெடுமாறன் 1985-ஆம் வருஷத்தில் 'முரசு' என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கினார். அது 'முரசு அஞ்சல்' ஆகி, உலகெங்குமுள்ள தமிழர் கணினியில் தமிழ் எழுதுவதற்குத் துணை செய்தது. கைப்பேசிக்கென அவர் அமைத்த 'செல்லினம்' 2005-ஆம் வருஷத்தில் சிங்கப்பூரில் வெளியாயிற்று. அவருடைய 'இணைமதி' எழுத்துருவும் 'அஞ்சல்' விசைமுறையும் ஆப்பிள் கணினிகளிலேயே இடம் பெற்றன. நமது வாலிபர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அவர் பெரிய கணினிக் கம்பெனிகளில் உத்தியோகம் பார்த்தவர். தமிழ் மென்பொருள் வேலையை அதனுடன் சேர்த்தே நடத்தி வந்தார். மாதச் சம்பளம் அவருக்குக் காலத்தை வாங்கிக் கொடுத்தது. 1985-க்கும் 2005-க்கும் இடையே 20 வருஷங்கள் கிடக்கின்றன. உத்தியோகத்தை உதறிவிட்டு வந்தவனுக்கு 20 மாதங்கள்கூடக் கிடைப்பதில்லை.

ஆகவே முதற் பாடம் இது: சரக்குக்குப் பணம் கொடுப்பவர்கள் தோன்றும் வரையில், ஜீவனத்திற்கு வேறு வழி வைத்துக்கொள்க. உத்தியோகத்தை விட்டு வருவது வீரமாகத் தோன்றலாம். வீட்டிலுள்ளோர் அந்த வீரத்திற்குக் கொடுக்கும் விலையையும் கணக்கில் எழுத வேண்டும்.

கணக்கு என்ன சொல்லுகிறது?

கணக்கென்று சொன்னோம், அதையும் போட்டுப் பார்ப்போம். ஒருவர் தம் செயலிக்கு வருஷத்திற்கு 600 ரூபாய் விலை வைத்திருப்பதாகக் கொள்வோம். கூகுள், ஆப்பிள் ஆகிய இரு கம்பெனிகளும் முன்னர் 30 சதவீதம் தரகு வாங்கி வந்தன. சிறு உற்பத்தியாளர்களுக்கு அதை 15 சதவீதமாக 2021-ஆம் வருஷத்தில் குறைத்தன. அவ்வீதப்படி பார்த்தால் 90 ரூபாய் தரகுக்குப் போக, 510 ரூபாய் கையில் நிற்கும். மாதம் 30,000 ரூபாய், அதாவது வருஷத்திற்கு 3,60,000 ரூபாய் வருமானம் வேண்டுமானால் 706 பேர் பணம் கொடுக்க வேண்டும். அவர்களில் கால்வாசிப் பேர் அடுத்த வருஷம் விலகிவிட்டால், இருந்த இடத்திலேயே நிற்பதற்கு 177 புதியவர்கள் தேவை; இரண்டு நாளைக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். விளம்பரத்திற்குப் பணமில்லாத தனி மனிதர் இந்த ஓட்டத்தை எத்தனை காலம் ஓட முடியும்?

அதே மனிதர், ஒரு தொழிலாருக்கு மட்டும் பயன்படும் சரக்கைச் செய்து, நேரே சென்று, வருஷத்திற்கு 3,000 ரூபாய்க்கு விற்கட்டும். 120 பேர் வாங்கினாற் போதும். அதே 3,60,000 ரூபாய் வந்துவிடும். 120 இடங்களுக்குக் கால்நடையாகவோ சைக்கிளிலோ போய்வரலாம். அவர்களுடைய பெயரையும் குறையையும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். மணச்சநல்லூர் அரிசி ஆலைகளும், துவாக்குடிப் பட்டறைகளும், இவ்வூர் அச்சகங்களும், மருந்துக் கடைகளும் இருக்கின்றன. இவர்களுக்கு என்ன தேவை என்பது கலிபோர்னியாவில் இருப்பவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அவருக்கு அது அற்பம். அந்த அற்பமே தனி மனிதருடைய அரண்.

நம்மைக் காண வந்த இளைஞர் பிசகியது இங்கேதான். எல்லாருக்கும் வேண்டிய சரக்கை அவர் தேர்ந்தெடுத்தார். எல்லாருக்கும் வேண்டியதைப் பெருங்கம்பெனிகள் இலவசமாகக் கொடுத்து விடுகின்றன. இது புதிய தந்திரமன்று. 1906-ஆம் வருஷத்தில் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தபோது, எதிரே நின்ற ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தை அடியோடு குறைத்தது. நஷ்டத்தை நெடுநாள் தாங்கும் சக்தி அதனிடம் இருந்தது. சுதேசிக் கம்பெனியிடம் இல்லை. அடக்குமுறையும் அதனுடன் சேர்ந்துகொள்ளவே 1911-ஆம் வருஷத்தில் சுதேசிக் கம்பெனி கலைந்தது. விலையில்லாச் சரக்குடன் விலைப் போட்டி நடத்துவது எந்நாளும் முடியாத காரியம். அந்தச் சரக்கு நுழையாத இடத்தில் கடை வைப்பதே விவேகம்.

புகழும் பணமும்

இரண்டாவது பாடம், செய்த பின் கேட்பதற்குப் பதிலாகக் கேட்ட பின் செய்ய வேண்டும் என்பது. நம் நாட்டில் வீடு தேடி வந்தவரை மனம் நோகச் சொல்லுவாரில்லை. 'நன்றாயிருக்கிறது, தம்பி' என்ற சொல், காப்பி கொடுத்து உபசரிப்பதைப் போன்ற மரியாதை. அதை விற்பனையென்று எண்ணி ஏமாறலாகாது. 'இச்சரக்கு அடுத்த மாதம் தயாராகும். முன்பணம் ஐந்நூறு ரூபாய் கொடுப்பீர்களா?' என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பத்துப் பேரிடம் கேட்டு இருவர் கொடுத்தால் வேலையைத் தொடங்கலாம். ஒருவரும் கொடாவிட்டால் ஒன்றரை வருஷ உழைப்பு மிஞ்சிற்று என்று மகிழலாம்.

2022-ஆம் வருஷத்தின் இறுதியில் வெளிவந்த 'சாட்ஜிபிடி'யும், அதைத் தொடர்ந்து வந்த செயற்கை அறிவு யந்திரங்களும் இப்பாடத்தை இன்னும் கூர்மையாக்கி விட்டன. ஆறு மாத வேலையை அவை சில வாரங்களில் முடிக்கத் துணை செய்கின்றன. இது தனி மனிதருக்குப் பெரிய அநுகூலம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த அநுகூலம் அவருக்கு மட்டும் கிடைக்கவில்லை. அவருடைய போட்டியாளர் அனைவருக்கும் கிடைத்திருக்கிறது. எல்லாருடைய வயலிலும் ஒரே சமயத்தில் நல்ல விளைச்சல் கண்டால் விலை விழும் என்பது காவிரிக் கரையில் குழந்தைக்கும் தெரியும். செய்யும் திறமை மலிந்து போன காலத்தில், யாருக்கு என்ன குறை என்று அறியும் அறிவுக்கே கிராக்கி. அவ்வறிவை யந்திரத்திடம் பெற முடியாது. கடைவாசலில் நின்றுதான் பெற வேண்டும்.

ஒரே துறையை நம்பாதீர்

திருச்சியில் பாய்லர் தொழிற்சாலையை அண்டித் துவாக்குடி முதலிய இடங்களில் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் வளர்ந்தன. ஒரே பெரியவரிடமிருந்து வந்த வேலையை நம்பியே அவற்றிற் பல நடந்தன. கடந்த பத்து, பதினைந்து வருஷங்களில் அந்த ஆர்டர்கள் சுருங்கியபோது, அப்பட்டறைகள் பட்ட துன்பம் இவ்வூரார் கண்ணாற் கண்டது. செயலிக் கடையை மட்டும் நம்பியிருப்பவர் நிலையும் இதுவே. கடைக்காரர் விதியை மாற்றினால் இவர் பிழைப்பு மாறுகிறது. 2023-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் கூகுள் கம்பெனி ஒரு விதி செய்தது. தனி நபர் பெயரில் புதிதாகக் கணக்குத் தொடங்குவோர், தம் செயலியை 20 பேரைக் கொண்டு 14 நாள் தொடர்ந்து சோதித்த பின்னரே வெளியிடலாம் என்பது அவ்விதி. அடுத்த வருஷத்தின் இறுதியில் 20 என்பதை 12 ஆகக் குறைத்தது. கம்பெனியின் பெயரில் கணக்கு வைத்திருப்போருக்கு இந்தச் சோதனை இல்லை. சுமை முழுவதும் தனியாள் தலையில் விழுந்தது.

அரசாங்க விதிகளும் அவ்வாறே எதிர்பாராமல் வந்து சேரும். தவணைப் பணத்தைக் கார்டிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளும் முறைக்கு ரிசர்வ் வங்கி 2021-ஆம் வருஷம் அக்டோபர் முதல் கடுமையான நிபந்தனைகளை விதித்தது. பணம் செலுத்துவோரின் பாதுகாப்பை உத்தேசித்து வந்த அவ்விதியை நாம் குறை கூறவில்லை. எனினும், மாதச் சந்தாவை நம்பியிருந்த சிறு தொழிலாளருக்கு அதனால் வரும்படி தடைப்பட்டது. வருஷத்திற்கு ஒரு முறை, யூ.பி.ஐ. மூலம் நேரே பணம் வாங்கியவர்கள் தப்பினார்கள். வாங்குவோர் பெயர்ப் பட்டியல் தம் கையிலிருக்கட்டும். பணம் வரும் வழி ஒன்றுக்கு இரண்டாயிருக்கட்டும். இதுவே மூன்றாவது பாடம்.

வாங்கியவர் கதி

இதுகாறும் விற்பவருடைய நன்மையையே பேசினோம். வாங்குபவருடைய நன்மையையும் எண்ணுவது கடமை. தனியாள் நோயில் விழுந்தால், அல்லது சலித்துப் போய் வேலையைக் கைவிட்டால், அவரை நம்பிக் கணக்கெழுதிய கடைக்காரர் என்ன செய்வார்? தமிழுலகம் இத்துன்பத்தை ஒரு தடவை அனுபவித்திருக்கிறது. 1990-ஆம் வருஷங்களில் எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தத்தமக்கென ஒரு குறியீட்டு முறையை வகுத்துக்கொண்டார்கள். ஒருவர் முறையில் எழுதியது மற்றொருவர் கணினியில் புரியாத குறிகளாய்த் தோன்றிற்று. 1999-ஆம் வருஷத்துச் சென்னை மகாநாடும், அதைத் தொடர்ந்த தரப்படுத்தும் முயற்சிகளும், பின்னர் யூனிகோடும் வந்து இக்குழப்பம் தணிந்தது. ஆனால் அக்காலத்தில் எழுதி வைத்தவற்றை இன்று படிப்பதற்கு அவற்றை மாற்றித் தரும் கருவி தேவைப்படுகிறது. ஆகையால், வாங்கியவர் தம் கணக்கைப் பொது முறையில் எந்நேரமும் வெளியே எடுத்துக்கொள்ள வழி செய்து வைப்பது தனியாள் தொழிலாளரின் முதல் நாணயம்.

விலகிப் போவதற்கும் கௌரவமான வழி உண்டு. ஆஸ்திரேலியரான மார்க் டர்டின் 1993-ஆம் வருஷத்தில் லாவோ மொழியை எழுதுவதற்காகத் தொடங்கிய 'கீமேன்' என்ற மென்பொருள், பல மொழிகளுக்கு உதவியது. நம் 'எ-கலப்பை'யின் ஆரம்பப் பதிப்புகளும் அதன் மீதே அமைந்தவை. 2015-ஆம் வருஷத்தில் அதை எஸ்.ஐ.எல். என்ற மொழி ஆராய்ச்சி ஸ்தாபனம் ஏற்றுக்கொண்டது; பின்னர் அது யாவருக்கும் இலவசமாயிற்று. செய்தவர் பாரம் குறைந்தது, உபயோகித்தவர் கைவிடப்படவில்லை. பம்பாயைச் சேர்ந்த கோவித் கோயல் 2006-ஆம் வருஷத்தில் தொடங்கிய 'காலிபர்' என்ற மின்னூல் மென்பொருளோ ஆதிமுதல் இலவசமாகவே நடந்து, உபயோகிப்போர் மனமுவந்து அளிக்கும் நன்கொடையைத் துணையாகக் கொண்டிருக்கிறது. உலகெங்கும் பரவிய சரக்குக்கே அவ்வழி பொருந்தும். தென்னூரில் 120 பேருக்கு விற்பவர் நன்கொடையை நம்பலாகாது. விலையைக் கூச்சமின்றிக் கேட்க வேண்டும்.

சர்க்கார் கடமை, நமது கடமை

2016-ஆம் வருஷம் ஜனவரியில் மத்திய சர்க்கார் புதுத்தொழில் ஊக்கத் திட்டத்தை ஆரம்பித்தது. பங்குக் கம்பெனிகளுக்கும் கூட்டாண்மை ஸ்தாபனங்களுக்கும் அதில் அங்கீகாரம் உண்டு. தம் சொந்தப் பெயரில் தனியுரிமையாகத் தொழில் நடத்துபவரை அது சேர்த்துக்கொள்ளவில்லை. 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி ஒரு நபர் கம்பெனி அமைக்கலாமே என்று சிலர் சமாதானம் கூறுவர். அமைக்கலாந்தான். ஆனால் தணிக்கையும், வருஷாந்தரக் கணக்குத் தாக்கலும், அவற்றிற்குரிய செலவும் உடன் வருகின்றன. இன்னும் ஒரு ரூபாய் சம்பாதிக்காத ஒருவரை முதலில் ஆடிட்டரிடம் அனுப்பும் திட்டம் அவருக்கு ஊக்கமளிப்பதாகாது. முதல் மூன்று வருஷங்களுக்கேனும் தனியுரிமையாளரையும் அங்கீகரிக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

மாகாண சர்க்கார் பஞ்சப்பூரில் டைடல் பூங்கா அமைக்கப் போவதாக 2024-ஆம் வருஷத்தில் அறிவித்தது. நவல்பட்டில் எல்காட் பூங்கா முன்னரே இருக்கிறது. பெரிய கம்பெனிகளை வரவழைக்கும் அவ்வேற்பாடுகளை நாம் வரவேற்கிறோம். ஆனால் உழவர் சந்தையில் சர்க்கார் செய்தது என்ன? இடமும் தராசும் கொடுத்தது; விற்பதை உழவனிடமே விட்டது. அதைப் போல, தனியாட்கள் தம் சரக்கைக் காட்டுவதற்கு மாதம் ஒரு நாள் பொது இடத்தில் சந்தை கூட்டலாம். சிறு தொகைக்கு உட்பட்ட மென்பொருளைச் சர்க்கார் இலாகாக்கள் இவர்களிடம் விலை கொடுத்து வாங்கலாம். மானியம் பத்துத் தடவை கொடுப்பதைவிட, ஒரு தடவை சரக்கை வாங்குவது மேல்.

சர்க்காரை எதிர்பாராமல் இவ்வூர்த் தொண்டர்கள் செய்யக் கூடியதும் உண்டு. செயலிக்குச் சோதனை செய்பவர் 12 பேர் வேண்டுமென்றால், ஒருவருக்கொருவர் சோதித்துக் கொடுக்க ஒரு சங்கம் போதுமே! கல்லூரிகள் நிறைந்த திருச்சியில் அச்சங்கத்திற்கு அங்கத்தினர் கிடையாமற் போகார். தோற்றவர் தம் தோல்வியைக் கணக்குடன் எடுத்துச் சொல்வதற்கு அங்கே இடமிருக்க வேண்டும். நம்மைக் காண வந்த இளைஞருக்கு, அவருக்கு முன் அதே சரக்கைச் செய்து தோற்ற ஒருவர் அரைமணி நேரம் பேசியிருந்தால், ஒன்றரை வருஷம் மிஞ்சியிருக்கும். வெற்றி பெற்றவர்களை அழைத்து மாலை போடுகிறோம். தோற்றவர் வீட்டில் ஒளிந்துகொள்கிறார். அதனால் ஒரே குழியில் பலரும் விழுகிறார்கள்.

இறுதியாக, அத்தொழிலில் இறங்கும் வாலிபருக்கு ஒரு வார்த்தை. தொடங்கும் நாளைக் குறிப்பதுடன், நிறுத்தும் நாளையும் குறித்து வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். அந்நாளுக்குள் இத்தனை பேர் பணம் கொடுக்காவிட்டால் இச்சரக்கை மூடிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டால், மூடுவதில் அவமானமில்லை. அடுத்த சரக்கைத் தொடங்கச் சக்தி மிஞ்சும். நேயர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. அண்டை வீட்டு வாலிபர் செய்த சரக்கு உங்களுக்குப் பயன்படுமானால், விலை கொடுத்து வாங்குங்கள். பயன்படாவிட்டால், ஏன் பயன்படவில்லை என்பதை முகத்துக்கு நேரே சொல்லுங்கள். வெறும் புகழ்ச்சியைக் காட்டிலும் இவ்விரண்டும் அவருக்குப் பேருதவி. அந்த உதவியைச் செய்யத் திருச்சி மக்கள் பின்வாங்கமாட்டார்களென்று நாம் நம்புகிறோம்.